தவளக்குப்பத்தில் மழை வராது

பயந்த சுபாவம் உள்ளவர்களைச் சும்மா இருக்க விட்டால் வீட்டுக்கு மட்டும்தான் தொந்தரவு. அவர்கள் கையில் கொஞ்சம் அறிவியலையும் கொடுத்துவிட்டால் ஊருக்கே தொந்தரவு. நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்துகிறவள். ஆகவே எனக்கு அறிவியலை யாரும் புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு இடி என்றால் பயம். பாம்பு, பல்லி, தலைமையாசிரியர் மூன்றையும் சமாளித்துவிடுவேன். தூரத்தில் வானம் ஒருமுறை உறுமினால் போதும், வீட்டிலிருக்கும் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிடுவேன். (ஒருமுறை மாமனார் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைசி ஓவரில் டி.வி.யைப் பிடுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு மேகம் பார்த்துத்தான் வருகிறார்.) மகள் கயல்விழி பிறந்ததும் இந்தப் பயம் இரட்டிப்பானது. அதுவரை இடி என் தலையைத் தேடி மட்டும்தான் அலைந்தது. பிறகு அதற்கு இன்னொரு தலையும் கிடைத்துவிட்டது.

இந்த நிலையில்தான் கைப்பேசியில் ராடார் படம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். எங்கே மழை பெய்கிறது என்பதைப் படம் வண்ணத்தில் காட்டும். பச்சை என்றால் தூறல், மஞ்சள் என்றால் மழை, சிவப்பு என்றால் நான் கட்டிலுக்கடியில். எங்கள் ஊர்க் கோடை மழைக்கு ஒரு போக்கு உண்டு. பகல் முழுக்க விழுப்புரம் பக்கத்து நிலம் காய்ந்து கொதிக்கும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே புகும். சூட்டுக்காற்றும் கடல்காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் மேகம் கோபுரம் மாதிரி எழும்பும். சாயங்காலம் அது கிழக்கே நகர்ந்து, வழியில் யார் தலையில் கொட்டலாம் என்று பார்த்துக்கொண்டே கடலுக்குப் போகும். இதை இருபது வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியிருக்கிறேன். அந்த அம்புக்குறி கைப்பேசியில் உயிரோடு நகர்வதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை என்னவென்று சொல்வது? எதிரியின் வீட்டு ஜன்னல் திறந்திருக்கக் கண்டவளின் உணர்ச்சி.

வானிலை அலுவலகத்தின் அறிவிப்பு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கடலோரம் நெடுக ஒரே எச்சரிக்கை மஞ்சளைப் பூசிவிட்டு, "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்" என்று முடித்துவிடுவார்கள். அந்த ஓரிரு இடம் எது என்று சொல்ல மாட்டார்கள். சொல்ல முடியாது என்பதால்தான் சொல்வதில்லை என்று இப்போது புரிகிறது. அப்போது அது எனக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. அவர்கள் விட்ட இடத்தை நான் நிரப்பத் தொடங்கினேன்.

எங்கள் வீடு குருசுக்குப்பத்தை ஒட்டின தெருவில். மே மாதம் வந்தால் எங்கள் தெருவின் எல்லா மொட்டை மாடிகளிலும் வேட்டி விரித்துக் கூழ் வடகம் காயும். வடகத்தின் மேல் ஒரு தூறல் விழுந்தாலும் அத்தனை உழைப்பும் கஞ்சி. எதிர் வீட்டு பரமேஸ்வரி ஒருநாள் மாவைக் கிண்டி வைத்துவிட்டு, "அக்கா, இன்னிக்கு ஊத்தலாமா?" என்று கேட்டாள். ராடாரைப் பார்த்து, "வேணாம், நாலு மணிக்கு மேல புடிச்சிக்கும்" என்றேன். பிடித்துக்கொண்டது. அடுத்த வாரமும் சொன்னேன், அடுத்த வாரமும் பிடித்துக்கொண்டது. மூன்றாவது தடவை, மேகம் கருத்து நிற்கும்போதே, "தைரியமா ஊத்து" என்றேன். மேகம் மரக்காணம் பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான். வடகம் போடுகிற பெண்களின் நம்பிக்கையைப் பெற்றவளை எந்த வானிலை அலுவலகத்தாலும் அசைக்க முடியாது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் குரல்கள் வந்து விழும். நானும் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, செய்தி வாசிப்பவள் மாதிரி பதில் அனுப்புவேன்.

"நீ ஏன் மொட்ட மாடில ஒரு போர்டு மாட்டிக்கக் கூடாது?" என்று என் கணவர் குமரன் கேட்டார். அவர் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நிற்பவர் என்பதால் இடியும் கேட்காது, நான் திட்டுவதும் கேட்காது.

இனி கயலின் கதைக்கு வருகிறேன். அவள் ஆடுவது பெத்தாங்க். பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது எங்கள் ஊரில் விட்டுப்போன ஆட்டம். ஒரு சின்ன மரக்குண்டைத் தூரத்தில் போட்டுவிட்டு, கனமான இரும்புக் குண்டுகளை எறிந்து அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எதிரணியின் குண்டு பக்கத்தில் இருந்தால் அதை அடித்துத் துரத்தலாம். வெளியூர்க்காரர்கள் இதைக் கோலியின் பெரியண்ணன் என்று சிரிப்பார்கள். எங்கள் ஊரில் இதற்காகப் பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்கள் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முந்தைய மே மாதம், பெண்கள் பிரிவில் கயலின் அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. ஜெயித்தால் அகில இந்தியப் போட்டிக்குப் புதுச்சேரி சார்பில் போகலாம். அவள் அந்த வருடம் முழுவதும் விடியற்காலையில் எழுந்து பயிற்சிக்குப் போனவள். தலையணைக்குப் பக்கத்தில் குண்டுகளை வைத்துக்கொண்டு தூங்குவாள். இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டவுனில் கிளப்பின் சொந்த மைதானத்தில்.

சனிக்கிழமை மத்தியானம் அறிவிப்பு வந்தது. ஞாயிறு பிற்பகலுக்குக் கடலோரம் முழுக்க மஞ்சள். ஓரிரு இடங்களில் இடி.

எனக்கு வியர்த்துவிட்டது. திறந்தவெளி, கையில் இரும்புக் குண்டு, என் மகள். இடி தனக்கென்று சொல்லிச் செய்துகொண்ட ஏற்பாடு மாதிரி இருந்தது.

உடனே என் கோட்பாட்டை எடுத்தேன். அந்தக் கோடையில் நான் கவனித்த இடிமழை ஒவ்வொன்றும் திண்டிவனம் பக்கம் உருவாகி, டவுனின் வடக்கு முனையில்தான் வந்து கொட்டியிருந்தது. ஆகவே நாளையும் வடக்கேதான் கொட்டும். டவுனுக்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டி, தவளக்குப்பம் பக்கம், ஒரு சொட்டுகூட விழாது. (இந்தக் கோட்பாட்டில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. என் வீடு வடக்கு முனையில் இருக்கிறது. என் வீட்டு மாடியில் பெய்த மழையை மட்டும்தான் நான் கவனித்திருந்தேன். தவளக்குப்பத்தில் இருந்தபடி எவளாவது கவனித்திருந்தால், எல்லா மழையும் தவளக்குப்பத்தில்தான் பெய்கிறது என்று எழுதியிருப்பாள். இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் நடத்துவது மேல்நிலை வகுப்பு.)

கிளப்பின் செயலாளர் முசியே அந்துவான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர், நரைத்த மீசையைத் தினமும் சீவுகிறவர். அவர் வீட்டுக்குப் போய், போட்டியைத் தவளக்குப்பத்துக்கு மாற்றச் சொன்னேன். அங்கே கிளப் உறுப்பினர் ஒருவருக்கு அறுவடை முடிந்த சமதளமான நிலம் இருந்தது. சில ஞாயிறுகளில் பயிற்சியும் நடந்திருக்கிறது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, அதெல்லாம் முடியாது என்று பிரெஞ்சில் ஆரம்பித்தார். "மெ நோன், மதாம்! நான் ராணுவத்துலேர்ந்து வந்த நாளா இங்கதான் ஆடறோம். மழ வந்தா எல்லாரும் உள்ள போவோம். நின்னா வெளிய வருவோம். இதுல என்னா இருக்கு?"

"முசியே, இது மழையில்ல, இடி."

"அதான் கட்டடம் இருக்கே. மேல இடிதாங்கி இருக்கே."

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி, "அட, ஆமாம்" என்று எழுந்து வந்திருப்பாள். நான் ராடாரைத் திறந்து, போன வாரத்துச் சிவப்பையும் அதற்கு முந்தைய வாரத்துச் சிவப்பையும் காட்டி விளக்க ஆரம்பித்தேன். அவர் மீசை அசையவில்லை. அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி மதாம் திரேஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"யாரு, வடகத்துக்கு மழ சொல்ற டீச்சரா?"

"நாந்தாம்மா."

"என் நாத்தனா உங்க தெருதான். உங்க பேச்ச கேட்டுத்தான் ஊத்தறா. ஒரு வடகம்கூட வீணாவலயாம்." பிறகு கணவரின் பக்கம் திரும்பினார். "அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். தவளக்குப்பத்துல வைங்க."

முசியே அந்துவான் ஆப்பிரிக்காவில் போர்முனையைப் பார்த்தவர். ஆனால் மதாம் திரேசை எதிர்த்துப் பேசி எனக்குத் தெரிந்து யாரும் பார்த்ததில்லை. மீசையை ஒருமுறை தடவிவிட்டு, "தக்கோர்" என்றார். சரி என்று அர்த்தம். ஒரு தலைமுறையாக ஒரே இடத்தில் நடந்த போட்டியை வடகம் இடம் பெயர்த்துவிட்டது.

கயலிடம் சொன்னபோது அவள் முகம் விழுந்தது. "ம்மா, எங்க தரை எனக்குத் தெரியும். எங்க பள்ளம் இருக்கு, எங்க மண்ணு இறுகியிருக்குன்னு கண்ண மூடிக்கினு சொல்லுவேன். ஏம்மா இப்புடி பண்ற?"

"உயிரோட இருந்தா எந்தத் தரையிலும் ஜெயிக்கலாம்" என்றேன். இப்போது யோசித்தால் நல்ல வசனம்தான். சொன்ன சந்தர்ப்பம்தான் சரியில்லை.

ஞாயிறு மத்தியானம் இரண்டு வாடகை வேன்களில் போனோம். கடலூர் சாலையில் தவளக்குப்பம் சந்திப்பைத் தாண்டி உள்ளே திரும்பினால் அந்த நிலம். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் வாய்க்கால், நடுவில் இரும்புக் கால் நட்டுக் கட்டிய சாமியானா. வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலம். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம், "டீச்சர் புண்ணியத்துல ஆட்டம் நடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொண்டேன். (அந்தத் தலையசைப்பை என் கணவர் இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் செய்து காட்டுகிறார்.)

ஆட்டம் இழுபறியாகப் போனது. பதின்மூன்று புள்ளி எடுக்கும் அணிக்கு வெற்றி. இரண்டு அணியும் பன்னிரண்டில் வந்து நின்றன. அதற்குள் தென்மேற்கில், தோப்புக்கு மேலே, ஏதோ வெள்ளையாகக் கொப்பளித்துக்கொண்டு எழும்பியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வடக்கே திரும்பி உட்கார்ந்தேன். என் கோட்பாட்டின்படி மேகம் வரவேண்டிய திசை அதுவல்ல.

குமரன் குனிந்து, "டீச்சர், பின்னாடி என்னமோ கருக்குதே" என்றார்.

"அது கடலூருக்குப் போயிடும்."

"அதுகிட்ட சொல்லிட்டியா?"

கைப்பேசியைத் திறந்தேன். எங்களுக்குத் தென்மேற்கே சிவப்பு. திரும்பத் திரும்பப் புதுப்பித்தேன். ஒவ்வொரு முறையும் சிவப்பு எங்களை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தது. வடக்கே, டவுன் மேல், சுத்தமான வெள்ளை. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. பரமேஸ்வரி.

"அக்கா! இங்க வெயிலு செமையா காயுது. நீ ஊத்தாதன்னு சொன்னியேன்னு மாவ வெச்சிக்கினு குந்தியிருக்கறேன். இப்பயாவது ஊத்தட்டா?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். முதல் இடி இறங்கியது. தூரத்தில்தான். ஆனாலும் பரமேஸ்வரிக்குக் கேட்டிருக்கிறது. "அய்யய்யோ, அங்க இன்னாக்கா சத்தம்?" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. சில்லென்று ஒரு காற்று வந்தது. சாமியானா ஒரு பக்கம் வயிறு உப்பி எழுந்தது. பிரியாணி அண்டாவின் மூடி தனியாக உருண்டு வாய்க்காலுக்குப் போனது. யாரோ, "வேனுக்கு ஓடுங்க!" என்று கத்தினார்கள். கத்தியது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். மழை தோப்பைத் தாண்டி, சுவர் மாதிரி எங்களை நோக்கி நடந்து வந்தது.

என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று. ஆடும் வட்டத்துக்குள் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நீலப் பனியன், தொப்பி, பின்னால் குதிரைவால் முடி. கடைசிக் குண்டை எறிவதற்குக் கை தூக்கியிருந்தாள். திறந்தவெளியின் நட்ட நடுவில், தலைக்கு மேல் இரும்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

பள்ளி விளையாட்டு விழாவில் எலுமிச்சம்பழக் கரண்டிப் பந்தயத்தில்கூடக் கடைசியாக வந்தவள் நான். அன்று ஓடினேன். "குண்டக் கீழ போடுடி!" என்று கத்திக்கொண்டே களத்துக்குள் புகுந்தேன். போகிற வேகத்தில் அந்தச் சின்ன மரக்குண்டை உதைத்திருக்கிறேன். அது எகிறிப் போய் வாய்க்காலில் விழுந்ததாம். "அத்தான்சியோன், மதாம்!" என்று முசியே அந்துவான் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். கவனம் என்று எச்சரித்திருக்கிறார். அவரையும் சுற்றிக்கொண்டு போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் ஏதோ சொன்னாள். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். இழுத்த இழுப்பில் அவளுடைய ஒரு செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. வேனின் கதவுக்குள் அவளைத் தள்ளி, நானும் ஏறி, பின்னாலேயே ஓடிவந்த குமரனும் முசியேயும் ஏறி, கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு விட்டேன்.

"ஆன்ட்டி, கைய விடுங்க. வலிக்குது."

ஆன்ட்டி?

தொப்பியைத் தூக்கிப் பார்த்தேன். கயல் இல்லை. எதிரணியின் ஸ்டெல்லா. போட்டி நடத்தியவர்கள் இரண்டு அணிக்கும் ஒரே நீலப் பனியனும் ஒரே தொப்பியும் கொடுத்திருந்தார்கள்.

"கயல் எங்க?"

யாருக்கும் கேட்கவில்லை. வேனுக்குள் ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மங்கலாக, சாமியானாவுக்குப் பக்கத்தில், நீலமாக எதுவோ குனிந்து நின்ற மாதிரி இருந்தது. அவளுடைய குண்டுகளைப் பொறுக்குகிறாள் என்று நினைத்தேன். பொறுக்குவாள். அந்தக் குண்டுகளை அவள் எங்கேயும் விட்டுவிட்டு வரமாட்டாள். கதவின் பிடியைத் திருகினேன். குமரன் பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் அவரைக் கடித்தேன். (பொய்யில்லை. தழும்பு லேசாகத்தான் இருக்கிறது.)

வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. இடையில் மூச்சு விடக்கூட இடமில்லை. உலகத்தை யாரோ குறுக்கே கிழித்த மாதிரி இருந்தது. வேன் குலுங்கியது. கண்பார்வை திரும்பியபோது, தோப்பின் ஓரத்துத் தென்னை ஒன்று உச்சியில் எரிந்துகொண்டிருந்தது. கொட்டுகிற மழையில் அது பந்தம் மாதிரி எரிந்தது. அதன் காலடியில்தான் சாமியானா.

வேனுக்குள் சத்தம் முழுவதும் நின்றுவிட்டது. முசியே அந்துவான் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தக் கணத்தில் எனக்கு ராடார், கோட்பாடு, ஊர் எதுவும் இல்லை. நான்தான் அவளை இங்கே கொண்டுவந்தேன் என்கிற ஒன்று மட்டும் இருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

அந்த அமைதியில், வேனின் கடைசி சீட்டிலிருந்து, வாயில் எதையோ மென்றுகொண்டே ஒரு குரல் வந்தது.

"ம்மா, இங்கதான் இருக்கறேன். எதுக்கு ஸ்டெல்லாவ புடிச்சி வெச்சிருக்க?"

திரும்பினேன். கயல். ஒரு சொட்டுகூட நனையவில்லை. மடியில் குண்டுப் பை, கையில் பாதி கடித்த முட்டை பப்ஸ்.

"நீ... எப்ப வந்த?"

"மொத இடி கேட்டதுமே வந்துட்டேன். நீதானம்மா சின்ன புள்ளயிலேர்ந்து சொல்லிக்கினே இருக்க, சத்தம் கேட்டா வண்டிக்குள்ள போய் கதவ சாத்திக்கன்னு. என் குண்டுங்கள எறிஞ்சி முடிச்சிட்டேன். பைய மட்டும் எடுத்துக்கினு வந்துட்டேன்."

வெளியே நீலமாகத் தெரிந்தது தண்ணீர் டிரம்.

நான் அழுதேன். சிரித்தேன். ஆட்களைத் தாண்டி, பலர் காலை மிதித்து, கடைசி சீட்டுக்குப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். பப்ஸ் இருவருக்கும் நடுவில் நசுங்கியது. அவ்வளவு அழுத்திக் கட்டிக்கொண்டும் என் வலது கைக்கு மட்டும் ஏதோ வசதியில்லாமல் இருந்தது. பார்த்தால், ஸ்டெல்லாவின் மணிக்கட்டை நான் இன்னும் விடவில்லை. அந்தப் பெண்ணும் வேறு வழியில்லாமல் என்னோடு கடைசி சீட்டு வரைக்கும் வந்திருந்தாள்.

மழை நின்றதும் எல்லாரும் இருக்கிறார்களா என்று பார்த்தோம். இருந்தார்கள். செருப்புகளும் நாற்காலிகளும் பிரியாணியும்தான் போயிருந்தன. அடுத்த வேனில் இருந்த மதாம் திரேஸ் இறங்கி வந்து, எரிந்த தென்னையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வடகத்துக்கு மட்டும் சொல்லுங்க, டீச்சர்" என்றார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் பதவி இறக்கியதில்லை.

பிறகு வழக்கு ஆரம்பமானது. கடைசிக் குண்டு ஸ்டெல்லாவின் கையில் இருந்தது. அதுவரை மரக்குண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது கயல் அணியின் குண்டு. ஆக, மகள் ஜெயிக்கவேண்டும் என்பதற்காக, எறியப்போன எதிராளியைக் களத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டேன், போகிற போக்கில் தடயத்தையும் வாய்க்காலில் உதைத்துவிட்டேன் என்று ஸ்டெல்லாவின் பயிற்சியாளர் வாதாடினார். கேட்கக் கேட்க எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. முசியே அந்துவான் வேனின் படியில் நின்று தீர்ப்புச் சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடி ஆட்டம். நம்ம மைதானத்துல. மதாம் மட்டும் வீட்டுலயே இருக்கணும்."

திரும்பும்போது ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். டவுனில் சாலை காய்ந்து, தூசி பறந்துகொண்டிருந்தது. சிக்னலில் நின்ற ஒரு குடும்பம் குச்சி ஐஸ் தின்றபடி, சேறும் சகதியுமாக இரண்டு வேன் நிறைய ஆட்களை வினோதமாகப் பார்த்தது. மைதானத்தைத் தாண்டிப் போனோம். இடிதாங்கியின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

குமரன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "வானில ஆபீஸ்காரங்க தப்பா எதுவும் சொல்லல. ஓரிரு எடத்துல இடி விழும்னாங்க. அது எந்த எடம்னு அவங்களுக்கே தெரியல. நீதான் கரெக்டா கண்டுபுடிச்சி, எங்க எல்லாரயும் அங்க கூட்டிக்கினு போய் நிறுத்திட்ட."

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். கயல் என் தோளில் சாய்ந்திருந்தாள். சிரிக்கும்போது அவள் தலை என் தோளில் குலுங்கியது. அந்த நிம்மதிக்கு, இன்னும் பத்து வேன் சிரித்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

மறு ஆட்டத்தில் ஸ்டெல்லாவின் அணி ஜெயித்தது. கயல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தவளக்குப்பத்தில் ஸ்டெல்லா எறியாத அந்தக் கடைசிக் குண்டு தன் குண்டை அடித்திருக்காது என்பது அவள் கட்சி. அடித்திருக்கும் என்பது ஸ்டெல்லாவின் கட்சி. இந்த வாக்குவாதத்திலேயே இருவரும் நெருங்கிவிட்டார்கள். அகில இந்தியப் போட்டிக்கு அணியோடு ஒரு மாற்று ஆட்டக்காரரும் போகலாம் என்று விதி இருந்தது. கயலைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதிகள்.

ஊருக்கு வானிலை சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன். மஞ்சள் அடித்திருந்தால் மஞ்சள் முழுக்க ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, கூரை இருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். வகுப்பில் அம்புக்குறி போடும்போதும் அதன் முனையை எந்த ஊர்ப் பெயரிலும் முட்டவிடுவதில்லை. கடலூர் பேருந்து தவளக்குப்பத்தைத் தாண்டும்போது மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. அந்தத் தென்னையின் மொட்டை உடம்பு சாலையிலிருந்தே தெரியும் என்கிறார்கள்.

ஸ்டெல்லா இப்போது வாரத்துக்கு நான்கு நாள் எங்கள் வீட்டில்தான். வானம் கொஞ்சம் இருட்டினால் போதும், என்ன செய்துகொண்டிருந்தாலும் எழுந்து வந்து, மணிக்கட்டை என் முன்னால் நீட்டுவாள்.

"ஆன்ட்டி, மழ வருது. புடிச்சிக்கங்க."

கயல் பின்னாலிருந்து, "சொந்தப் பொண்ணு இங்க இருக்கறேன்பா" என்று முனகுவாள். குமரன் தன் கையிலிருக்கும் தழும்பைத் தடவிக்கொண்டு தூரமாகப் போய் உட்காருவார். வீடே சிரிக்கும். அவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கும் வேடிக்கைதான். ஆனால் நீட்டின கையைப் பிடித்துக்கொள்வேன். இன்னொரு கையால் கயலையும் இழுத்து உட்கார்த்திக்கொள்வேன். கடைசி உறுமல் கடலுக்குள் போய் அடங்குகிறவரைக்கும் இரண்டு பேரையும் விடுவதில்லை.